சத்தம் இருக்கு, பேச்சு எங்கே?

“வெடிச் சத்தம் காதைக் கிழிக்குது, கதைக்கிறது மட்டும் விளங்குதில்ல.” கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, ஹோம் தியேட்டர் வாங்கி வைத்த வீடுகளில் கேட்கும் முறைப்பாடு இதுதான். படம் ஓடும் நேரம் முழுக்க ரிமோட் ஒருவர் கையை விட்டு இறங்காது. ஆள் கதைத்தால் கூட்ட வேண்டும், வாகனம் மோதினால் குறைக்க வேண்டும். காது சற்று மந்தமான உம்மா பாதிக் கதையில் எழும்பி உள்ளே போய்விடுவார். கடைசியில், அடுத்த பெருநாளைக்கு இதைக் கொடுத்துவிட்டு இன்னும் பெரிய செற் எடுப்போம் என்ற பேச்சு வரும்.

எடுக்க வேண்டாம். கையில் இருக்கும் செற்றிலேயே பேச்சைத் துலக்கமாகக் கேட்கலாம். பழுது பெரும்பாலும் நமது ஹோலில் இருக்கிறது, பெட்டிகளை வைத்த இடத்தில் இருக்கிறது. அதைத் திருத்தத் தேவையான சாமான் மருதமுனைத் தறிகளிலும் தும்பு மெத்தைக் கடைகளிலும் கிடைக்கிறது. காசு போவதைவிடக் கவலை தருவது, வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து ஒரு கதையைக் கேட்கும் சந்தர்ப்பம் வீணாவதுதான்.

முதலில் வாட் கணக்கு. வளைகுடாவுக்கு ஆட்கள் போகத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊர்களுக்கு இசை அட்டைப் பெட்டியில்தான் வந்து இறங்கியது. கசெட் டெக், பிறகு சீடி செற், பிறகு ஐந்து சிறிய ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும். அட்டைப் பெட்டியின் மேல் ‘பிஎம்பிஓ 5000 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். செற்றைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். மின் நுகர்வு 60 வாட் என்றோ 80 வாட் என்றோ பொடி எழுத்தில் இருக்கும். சுவரிலிருந்து 60 வாட் எடுக்கும் செற் 60 வாட்டுக்கு மேல் தொடர்ந்து ஸ்பீக்கருக்குக் கொடுக்க முடியாது. பிஎம்பிஓ என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுமுறை கிடையாது. வாங்கும்போது கேட்க வேண்டிய எண், தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்டைச் சொல்லும் ஆர்எம்எஸ்.

அந்த எண்ணிலும் பேராசை தேவையில்லை. வாட்டை இரட்டித்தால் ஒலி கூடுவது 3 டெசிபெல் மட்டும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் 10 டெசிபெல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. சாதாரணமான ஒரு ஸ்பீக்கர் ஒரு வாட்டில், ஒரு மீற்றர் தூரத்தில் 87 டெசிபெல் அளவு தரும். மூன்று மீற்றர் தள்ளி சோபாவில் இருப்பவருக்கு அது 77 டெசிபெல்லுக்கும் குறையாது. அதாவது, வீட்டில் நாம் படம் பார்க்கும் மட்டத்துக்கு ஒற்றை வாட்டே பெரும்பாலும் போதும். மற்ற வாட் எல்லாம் இடி முழக்கத்துக்கும் வெடிக்கும் ஒதுக்கிவைத்த இருப்பு.

படத்துக்கும் இதில் பங்கு உண்டு. தியேட்டருக்குக் கலக்கப்படும் ஒலியில் சராசரி மட்டம் 85 டெசிபெல் என்றால் உச்சம் 105 வரை போகலாம். இந்த ஏற்ற இறக்கம் டிஜிட்டல் ஒலியோடு வந்தது. டொல்பி டிஜிட்டல் 5.1 ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு 1992 இல் தியேட்டருக்குள் நுழைந்தது. தமிழில் ‘குருதிப்புனல்’ 1995 இல் டொல்பி ஸ்டீரியோ எஸ்ஆர் ஒலியோடும், ‘கருப்பு ரோஜா’ 1996 இல் டிடிஎஸ் ஒலியோடும் வந்தன. 2012 இல் ‘சிவாஜி’யின் முப்பரிமாணப் பதிப்பு டொல்பி அட்மோஸில் வந்தது. இவையெல்லாம் சுவர் முழுக்க ஒலி உறிஞ்சும் பொருள் போர்த்திய மண்டபத்துக்காகச் செய்தவை. நாம் அவற்றைச் சீமெந்துச் சுவருக்கும் டைல்ஸ் தரைக்கும் நடுவில் போடுகிறோம்.

கை தட்டிப் பாருங்கள்

ஹோலின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய சத்தம் நின்ற பிறகும் ‘ட்ர்ர்’ என்று ஒரு வால் தொடர்ந்தால், பேச்சை விழுங்குவது அந்த வால்தான். ஓர் எழுத்தின் எதிரொலி அடங்கும் முன்னே அடுத்த எழுத்து வந்து அதன் மேல் விழுகிறது. பேச்சில் சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில், சிறிய பலத்தில் வருபவை. வயது போகப் போகக் காது முதலில் இழப்பதும் மேல் பகுதியைத்தான். உம்மா எழும்பிப் போவதற்குக் காரணம் சத்தம் போதாமை இல்லை. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும்.

இதற்குக் கணக்கு எழுதியவர் ஹார்வர்டில் பௌதிகம் கற்பித்த வாலஸ் சபைன். 1895 இல் அங்கே புதிதாகக் கட்டிய ஃபொக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் விரிவுரையாளர் சொல்வது ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒலி அடங்க 5 செக்கனுக்கும் மேல் எடுத்தது. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை சபைன் இரவில் தூக்கிவந்து அடுக்குவார், ஓர் ஓர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்துவார், சத்தம் காதிலிருந்து மறையும் நேரத்தை அளப்பார், விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைப்பார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. உறிஞ்சலுக்கு அவர் எடுத்துக்கொண்ட அலகு திறந்த யன்னல். வெளியே போன ஒலி திரும்பி வராது என்பதால், ஒரு சதுர அடி திறந்த யன்னல் முழு உறிஞ்சல்.

அந்தக் கணக்கை நம் ஊருக்குக் கொண்டு வருவோம். ஒரு ஹோல், 12 அடிக்கு 15 அடி, உயரம் 10 அடி. பூசிய சுவர், டைல்ஸ் தரை, கொங்கிறீற் தட்டு. மொத்தப் பரப்பு 900 சதுர அடி, அது உறிஞ்சுவது நூற்றுக்கு மூன்று என்று வைத்தால் 27 சதுர அடி யன்னலுக்குச் சமன். ஒலி அடங்க 3 செக்கனுக்கு மேல் ஆகும். சோபா செற்றும் ஐந்து பேரும் வந்தால் ஏறக்குறைய ஒரு செக்கன். பேச்சு துலங்க அரைச் செக்கன் அளவுக்கு வர வேண்டும். அந்த மிச்ச அரைச் செக்கனுக்குத்தான் நாம் புதிய செற் தேடி அலைகிறோம்.

யன்னலைத் திறந்து வைத்தால் ஆகாதா என்று கேட்கலாம். கடலுக்குத் தள்ளிய வீடுகளில் கொஞ்சம் ஆகும். ஒலுவில் துறைமுகத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் ஆகாது. அங்கே கடலின் இரைச்சல் இரவு பகல் ஓயாது, துறைமுகத்துக்கு வடக்கே கரை அரிபட்டுக் கடல் இன்னும் கிட்ட வந்துவிட்டது. யன்னல் வழியே எதிரொலி வெளியேறும், அலைச் சத்தமும் உப்பும் உள்ளே வரும். தலைக்கு மேலே சுழலும் ஃபேனோடு அதுவும் சேர்ந்தால் மெல்லிய மெய்யொலிகள் அடிபட்டுப் போகும்.

தறியும் தும்பும்

முதல் வேலை யன்னல் கேட்டின். மெல்லிய பொலியெஸ்ரர் துணி ஒளியை மறைக்கும், ஒலிக்கு அது இருந்தாலும் ஒன்று இல்லாவிட்டாலும் ஒன்று. மருதமுனையில் நெய்யும் கனமான பருத்தித் துணியை யன்னல் அகலத்தின் இரண்டு மடங்கு எடுத்து, மடிப்பு மடிப்பாகத் தரை வரை தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி இருந்தால் இன்னும் நல்லது. ரீவிக்கும் சோபாவுக்கும் இடையிலான வெறும் டைல்ஸில் ஒரு கம்பளம், கம்பளம் இல்லையென்றால் பன்பாய்க்குக் கீழே ஒரு மெல்லிய மெத்தை விரிப்பு. பாய் மட்டும் போட்டால் பலன் சொற்பம்.

இரண்டாவது, சுவர்ப் பலகை. இறக்குமதியாகும் கடற்பஞ்சுத் துண்டுகளை, அந்த முட்டைத்தட்டு வடிவத்தில் வருபவற்றை, நான் வாங்கச் சொல்ல மாட்டேன். மெல்லியவை, கடல் ஈரத்தில் சில வருடங்களில் பொடிந்துபோகும். இலங்கையிலேயே செய்யும் றப்பர் சேர்த்த தும்பு மெத்தைத் தகடு இருக்கிறதே, இரண்டு அங்குலத் தகடு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். தச்சரிடம் சொல்லி இரண்டு அடிக்கு நான்கு அடியில் பலகைச் சட்டம் அடித்து அதற்குள் பொருத்துங்கள். முன்பக்கம் கைத்தறித் துணியை இழுத்து ஆணி அறையுங்கள். துணி சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு: துணியை வாயில் வைத்து ஊதுங்கள். மூச்சு மறுபக்கம் போனால் ஒலியும் போகும். மூச்சைத் திருப்பி முகத்தில் அடிக்கும் துணி, ஒலியையும் அப்படியே திருப்பி அனுப்பும். நெருக்கமாக நெய்து மெருகேற்றிய துணிகள் இந்தச் சோதனையில் தோற்கும், சாரம் நெய்யும் பருத்தி பெரும்பாலும் தேறும்.

மாட்டும் இடத்தை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி சொல்லித் தரும். நீங்கள் சோபாவில் வழக்கமாக இருக்கும் இடத்தில் இருங்கள். பிள்ளை ஒருவர் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி மெதுவாக நகர்த்தட்டும். கண்ணாடியில் முன் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே ஒரு பலகை. மறுபக்கச் சுவரிலும் அப்படியே. இன்னும் இரண்டு பலகை சோபாவுக்குப் பின்னால். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால் தாழ்ந்த சுருதிகளும் ஓரளவு அடங்கும். நான்கு பலகை, கேட்டின், கம்பளம் மூன்றும் சேர்ந்தால் முன்பு சொன்ன ஒரு செக்கன் ஏறக்குறைய 0.55 செக்கனுக்கு இறங்கும். தும்பு மெத்தைக் கடைக்கும் தச்சருக்கும் கொடுத்த காசில், விளம்பரம் போட்ட எந்த ‘அப்கிரேட்’டும் தராத மாற்றம் இது.

நம் கரையில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. ஹோலில் என்ன மாட்டுவது என்பது அவருடைய உரிமை. துணியின் நிறத்தையும் கரையையும் அவர் தெரிந்தெடுத்தால்தான் பலகை சுவரில் நிலைக்கும், கூடவே ஹோலும் அழகு பெறும். தும்பை மாரி கழிந்ததும் ஒரு தடவை வெயிலில் காயவைக்க வேண்டும். மின்கம்பிக்கும் பிளக்குக்கும் பக்கத்தில் மாட்டக் கூடாது, தும்பு எரியக்கூடியது.

எதை எங்கே வைப்பது

ஐந்து ஸ்பீக்கரில் முக்கியமானது நடுவில் வருவது. படத்தின் பேச்சு பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. அதைத்தான் நாம் ஷோகேஸின் கீழ்த் தட்டுக்குள், பீங்கான் கோப்பைகளுக்குப் பின்னால் தள்ளி வைக்கிறோம். வெளியே எடுங்கள். தட்டின் விளிம்போடு முகம் வரட்டும். இருப்பவரின் காது தரையிலிருந்து மூன்றே கால் அடி அளவில் இருக்கும், அந்த மட்டத்துக்கு ஸ்பீக்கரின் முகத்தைச் சற்று நிமிர்த்துங்கள். இடது வலது இரண்டும் நடுவிலிருந்து 30 பாகை விலகி, காது உயரத்தில் இருக்க வேண்டும். பக்க ஸ்பீக்கர்கள் 110 பாகை அளவில், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால், காதைவிட ஓரிரு அடி உயரத்தில். இடமில்லை என்று நான்கையும் ரீவி மேசையிலேயே வரிசையாக அடுக்கியிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அதைவிட இரண்டை மட்டும் சரியான இடத்தில் வைத்து மற்றவற்றைக் கழற்றி வைப்பது மேல். யூடியூப்பில் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு தடத்து ஒலிதான். நல்ல ஸ்பீக்கர் இரண்டு, மட்டமான ஐந்தை வெல்லும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். கழற்றினால் செற்றிங்கில் நடு ஸ்பீக்கர் ‘இல்லை’ என்று கட்டாயம் குறிக்க வேண்டும். மறந்தால் பேச்சு இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்த் தொலையும்.

செற்றிங்கில் இன்னும் மூன்று விசயம். நடு ஸ்பீக்கரை மற்றவற்றைவிட 2 அல்லது 3 டெசிபெல் கூட்டுங்கள். இரவுக்கு ‘நைற் மோட்’ என்றோ ‘டிஆர்சி’ என்றோ இருப்பதைப் போடுங்கள், வெடி தாழும், பேச்சு உயரும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை நாடா பிடித்து அளந்து பதியுங்கள். ஒலி ஒரு மில்லிசெக்கனில் ஓரடிக்குச் சற்று மேல் போகும், அந்தச் சிறிய வித்தியாசத்தையும் செற் சரிக்கட்டிவிடும். மைக் வைத்துத் தானாக அளக்கும் செற் என்றால் ஃபேனை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, மைக்கைக் காது இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு எல்லோரும் விலகி நில்லுங்கள்.

வயரைப் பற்றிக் கடைகளில் பெரிய கதைகள் சொல்வார்கள். செம்பு, போதிய தடிப்பு, அவ்வளவுதான் வேண்டும். ஹோலுக்குள் 1.5 சதுர மில்லிமீற்றர் போதும், நீண்ட ஓட்டத்துக்கு 2.5. பார்க்க வேண்டியது சிவப்பும் கறுப்பும். ஒரு ஸ்பீக்கரில் மாறிக் கொழுவினால் பாஸ் காணாமல் போகும், பாடகரின் குரல் எங்கிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. அடையாளம் அழிந்த பழைய பெட்டி என்றால் 1.5 வோல்ற் பற்றரியைப் பெரிய கூம்பின் முனைகளில் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். கூம்பு வெளியே தள்ளினால் பற்றரியின் நேர் முனை தொட்ட இடம் சிவப்பு.

பாஸும் துறைமுகமும்

2013 செப்டெம்பரில் திறந்த ஒலுவில் துறைமுகம் என்ன செய்தது என்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். கடலுக்குள் கல்லணை போட்டார்கள். தெற்கே மணல் சேர்ந்தது, வாய் மணலால் அடைபட்டுத் தோணிகள் தவித்தன, வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை கரைந்தது. அலையைச் சுவரால் மறித்தால் அது ஓரிடத்தில் குவியும், இன்னோரிடத்தை வெறுமையாக்கும். ஹோலுக்குள் பாஸ் அலையும் அப்படித்தான். 15 அடி நீளமான ஹோலில் 38 ஹேர்ட்ஸ் அளவிலும், 12 அடி அகலத்தில் 47 அளவிலும், 10 அடி உயரத்தில் 57 அளவிலும் அலை இரு சுவர்களுக்கிடையில் நின்று ஆடும். சுவரோரம் குவியும், நட்ட நடுவில் ஒன்றும் கேட்காது. பின்சுவரோடு முதுகு ஒட்டிய சோபாவில் இருப்பவருக்கு எல்லாமே ‘தொம் தொம்’ என்று முழங்கும், அந்த முழக்கம் பேச்சின் மேல் பாயாக விரியும்.

சோபாவைப் பின்சுவரிலிருந்து மூன்றடி முன்னே இழுங்கள். சப்வூஃபருக்கு இடம் தேட ஒரு நல்ல வழி உண்டு. சப்வூஃபரை நீங்கள் இருக்கும் இடத்தில், சோபாவின் மேலேயே வையுங்கள். பாஸ் நிறைந்த, நீங்கள் நன்கு அறிந்த ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். ஒவ்வொரு சுரமும் சமமாக, இறுக்கமாகக் கேட்கும் இடம் ஒன்று அகப்படும். அங்கே சப்வூஃபர், சோபாவில் நீங்கள். ரிசீவரில் மற்ற ஸ்பீக்கர்களைச் ‘சிறியவை’ என்று குறித்து, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் சப்வூஃபருக்கு அனுப்புங்கள். சப்வூஃபர் இருப்பது தனியாகத் தெரிந்தால் சத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

கேட்டினும் தும்பும் இந்த அலையை அதிகம் தொடாது. பக்கத்து வீட்டுச் சுவரையும் அது தாண்டிப் போகும். சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் கூரையோடு கூரை முட்டும் வீடுகள். 2007 நவம்பரில் வெலிகம பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழக்கில் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு வரையறை போட்டது. விரும்பாத ஒருவரைக் கட்டாயமாகக் கேட்கவைக்க எவருக்கும் உரிமையில்லை என்ற நியாயம் அதில் இருந்தது. அந்தத் தீர்ப்பு வீட்டு ஸ்பீக்கரைப் பற்றியதல்ல, ஆனாலும் அந்த நியாயம் நம் ஹோலுக்கும் பொருந்தும். பத்து மணிக்குப் பிறகு சப்வூஃபரை நிறுத்திவிடலாம். பேச்சு குறையாது, அடுத்த வீட்டில் சோதனைக்குப் படிக்கும் பிள்ளைக்கு நிம்மதி.

உப்பும் மின்னும்

கடற்காற்று இந்தச் சாமான்களுக்கு எமன். வயர் நுனியில் செம்பு பச்சையாகிப் பொடி தட்டும். ‘ஸ்பீக்கர் இறங்கிவிட்டது’ என்று சொல்லப்படும் பலவற்றில் பழுது இந்தக் களிம்புதான். வருடத்துக்கு ஒரு தடவை நுனியை வெட்டிப் புதிதாக உரித்து ஈயம் பற்றவைத்துக் கொழுவுங்கள். வாங்கும்போது கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். றப்பர் என்றால் வருடக்கணக்கில் நிற்கும், பஞ்சு என்றால் நம் ஈரத்தில் உதிரும். அம்ப்ளிஃபயரைக் கடல் பக்க யன்னலுக்குக் கீழே வைக்க வேண்டாம். மாரி மாதங்களில் படம் பார்க்காவிட்டாலும் கிழமைக்கு ஒரு நாள் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் சூட்டில் ஈரம் காயும்.

மின்னைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. சவூதியிலிருந்து வந்த பழைய செற்களின் பின்பக்கத்தில் 110, 220 என்று மாற்றும் சுவிச் இருக்கும். நம் வீட்டு மின் 230 வோல்ற். அந்தச் சுவிச் 110 இல் நிற்கப் பிளக்கைக் கொடுத்தால் ஒரு புகையோடு கதை முடியும். இரண்டு முனைப் பிளக்கை மூன்று முனைச் சொக்கெட்டில் பேனை விட்டுத் திறந்து சொருகும் பழக்கத்தை, தயவுசெய்து, பிள்ளைகளின் கண் முன்னால் செய்யாதீர்கள், ஒருபோதுமே செய்யாதீர்கள். மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் இடி மின்னல் காலம். வானம் கறுத்தால் பிளக்கையும் அன்ரனா வயரையும் கழற்றுங்கள், சுவிச்சை அணைப்பது மட்டும் போதாது.

மகளுக்கு வீடு கட்டத் தொடங்கியிருக்கும் வாப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள். ஹோலைச் சதுரமாகக் கட்டாதீர்கள். நீளமும் அகலமும் ஒன்றானால் இரண்டு பக்க அலைகளும் ஒரே சுருதியில் சேர்ந்து முழங்கும். ரீவி வரும் சுவரிலிருந்து சோபாவின் இரு பக்கத்துக்கும், சப்வூஃபருக்கு ஒரு மூலைக்கும் ஒரு அங்குலக் குழாய் பதிக்கச் சொல்லுங்கள். மின்கம்பி ஓடும் குழாயிலிருந்து ஓரடி தள்ளி ஓடட்டும், உள்ளே ஓர் இழுகயிறு இருக்கட்டும். பக்க ஸ்பீக்கர் முனை தரையிலிருந்து ஐந்தடியில் வெளியே வரலாம். சுவர் பூசுவதற்கு முதல் நாள், அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து அந்தக் குழாய்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடிபுகுந்த பிறகு கேட்டின் கம்பிக்கு ஆணி அடிக்கும் நாளில் அந்தப் படம் உதவும்.